மூணு ஷிஃப்ட்டுக்கும் அரிப்பு

சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு, நான் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்ச நேரம் பார்த்து ஒருத்தன் எங்க ஆபீஸ் படியேறி வந்தான். வயசு முப்பது இருக்கும். கையில தண்ணி நிறைஞ்ச பிளாஸ்டிக் கவர். உள்ள மீன் எதுவும் இல்ல, வெறும் தண்ணி.

"சுசீலா மேடம் இருக்காங்களா? அவசரம். என் கல்யாணம் நிக்கப் போவுது. மீன் உரசுது."

பொட்டலத்தை மூடினேன். "அண்ணாத்தே, இது ரெண்டு கேஸா, ஒரே கேஸா?"

"ஒரே கேஸ்தான்."

எங்க ஆபீஸைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. போர்டுல 'சுசீலா துப்பறியும் நிறுவனம்'னு போட்டிருக்கும். நிறுவனம்னா மொத்தம் ரெண்டு பேர். சுசீலா மேடம் ஒரு கொரியர் கம்பெனியோட புகார் பிரிவுல பதினெட்டு வருஷம் குப்பை கொட்டினவங்க. 'உங்க பார்சல் கிளம்பிடுச்சு'ன்னு எவன் சொன்னாலும், அது இன்னும் கிளம்பலைங்கறதை அவன் குரல்லயே கண்டுபிடிப்பாங்க. இன்னொருத்தன் நான், முகமது ஆசிக். வண்டி ஓட்டுவேன், டீ வாங்குவேன், வாய் பேசுவேன். மூணாவதுக்குத்தான் சம்பளம்னு நான் நெனச்சினு கீறேன். மேடம் அதுக்குத்தான் பிடித்தம்ங்கறாங்க.

"உக்காருப்பா. ஆரம்பத்துல இருந்து சொல்லு" என்றாங்க மேடம்.

அவன் பேர் இளங்கோ. காட்டுப்பாக்கத்துல வண்ணமீன் கடை வெச்சிருக்கான். கொரட்டூர்ல இருக்கிற எழில்ங்கற பொண்ணும் அவனும் ரெண்டு வருஷமா காதல். பொண்ணு ஐ.டி. கம்பெனில இருக்கு. பொண்ணோட அப்பா தசரதன், அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஃபேக்டரில சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர் ஆனவர். 'மீன் விக்கறவனுக்கு என் பொண்ணா'ன்னு ரெண்டு வருஷம் முறுக்கிக்கினு இருந்தவரை ஒரு வழியா கரைச்சாச்சு. அந்த சந்தோஷத்துல இளங்கோ அவருக்கு ஒரு தொட்டியும் மூணு கோல்டு ஃபிஷ்ஷும் குடுத்திருக்கான்.

"அங்கதான் மேடம் சனி புடிச்சது. மாமா மீனுங்க மேல உசுரா ஆயிட்டாரு. பேரெல்லாம் வெச்சிட்டாரு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட்."

"நைட் ஷிஃப்ட் கறுப்பு மீனா?" என்றேன்.

"எப்டிண்ணா கண்டுபுடிச்ச?"

"துப்பறியும் நிறுவனம்ல."

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க.

"ஒரு மாசம் ஜம்முனு இருந்துச்சு. அப்புறம் நான் எங்க அப்பா அம்மாவைக் கூட்டினு அவங்க ஊட்டுக்குப் போனேன். அன்னிக்கி சாயங்காலமே மூணும் உரச ஆரம்பிச்சிடுச்சு. மாடு கம்பத்துல முதுகைத் தேய்க்குமே, அப்படி. சர்ருனு வந்து கல்லு மேல ஒரு தேய்ப்பு, பைப்பு மேல ஒரு தேய்ப்பு. சொறிஞ்சிக்கிறதுக்கு மீனுக்குக் கையா கீது? அடுத்த தடவை சித்தப்பாவோட போனேன், அன்னிக்கும் அப்படியே. போன ஞாயித்துக்கிழமை அத்தைங்களோட போனேன். அன்னிக்கும்!"

"நோய் ஏதாவது இருக்கும்ப்பா."

"எல்லாம் பாத்துட்டேன் மேடம். மீன் உரசினா மொதல்ல வெள்ளைப்புள்ளி இருக்கான்னு பாப்போம். இல்ல. தண்ணில அம்மோனியா ஏறிடுச்சான்னு பாத்தேன். ஏறல. குளோரினான்னு பாத்தா அவங்க ஃப்ளாட்ல போர் தண்ணி. கண்ணுக்குத் தெரியாத பூச்சியா இருக்குமோன்னு மூணையும் என் கடைக்கே கொண்டாந்து பத்து நாள் வெச்சேன். ஒரு தேய்ப்பு கெடையாது. திரும்ப அங்க விட்டேன். நாலு நாள் சும்மா இருந்துச்சு. அஞ்சாம் நாள் நான் அத்தைங்களோட போனேன், முடிஞ்சிது கதை."

"மாமா என்ன சொல்றார்?"

இளங்கோ மூஞ்சி சுருங்கிடுச்சு. "மூணு மீனை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவன் என் பொண்ணை எப்படி வெச்சுப்பான்னு கேக்கறாரு. சீக்கு மீனைத் தலைல கட்டிட்டானாம். வரும்போதெல்லாம் தொட்டில கையை விட்டு இன்னாவோ கலக்கறானாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பூ வெக்கிற விசேஷம் மேடம், முப்பது பேருக்கு சொல்லியாச்சு. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள காரணம் தெரியலன்னா எங்க அப்பாவுக்கு போன் போட்டு வராதீங்கன்னு சொல்லிடுவேன்றாரு."

"எழில்?"

"அப்பா சம்மதிக்காம தாலி வாணாம்னு மொதல்லயே சொல்லிட்டா. அவ சொன்னா சொன்னதுதான்." தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "எனக்கு அவ இல்லாம ஒண்ணும் இல்ல மேடம்."

எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பிரியாணியைத் தள்ளி வெச்சேன்.

"கவர்ல என்ன?"

"அந்தத் தொட்டித் தண்ணி. ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பப் போயி புடிச்சது."

மேடம் கவரை என் பக்கம் நகர்த்தினாங்க. "ஆசிக், ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரு."

எங்க ஆபீஸ்ல லேபரட்டரி கெடையாது. என் நாக்குதான் அது. போன கேஸ்ல சீமெண்ணெய் கலந்த தேனை நக்க வெச்சாங்க. இப்ப மீன் குளிச்ச தண்ணி. பிஸ்மில்லா சொல்லிட்டு வெச்சேன்.

"உப்பு. அப்புறம் லேசா சுருக்குங்குது."

"நீ உப்பு போட்டியாப்பா?"

"தொட்டி குடுத்தப்ப ஒரு தடவை ஒரு ஸ்பூன் கல்லுப்பு போட்டேன், மீனுக்கு நல்லதுன்னு. அது தண்ணி மாத்தி மாத்தி எப்பவோ போயிருக்குமே."

"ஆனா போகலை" என்றாங்க மேடம். "நீ கடைக்குப் போ. ஆறு மணிக்கு போன் பக்கத்துல இரு. நாங்க கொரட்டூர் போறோம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நீ போகாத நாள்ல மீன் உரசுச்சா?"

ரெண்டரை மணிக்கு கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்துல இருந்த அந்த அடுக்குமாடிக்குப் போயிட்டோம். அஞ்சாவது மாடி. அந்த மாடில நாலு வீடு. மூணு வாசல்ல எலுமிச்சம்பழம், படிகாரம், நாக்கைத் தொங்கப் போட்ட பூசணிக்காய் மூஞ்சி. நாலாவது வாசல் மொட்டையா இருந்துச்சு. அதுதான் தசரதன் வீடு.

கதவைத் திறந்தது எழில். காதுல பெரிய ஹெட்போன், கண்ணுல தூக்கமில்லாத களைப்பு. எங்களைப் பார்த்ததும் மெதுவா "எப்படியாச்சும் கண்டுபுடிங்க ஆன்ட்டி"ன்னு மட்டும் சொல்லிட்டு, சனிக்கிழமையும் விடாத ஆபீஸ் மீட்டிங்குக்கு ஓடிடுச்சு. ஹால்லயே ஒரு மூலைல, சுவரைப் பார்த்த மாதிரி மேஜை. உக்காந்தா நமக்கு முதுகுதான் தெரியும்.

தசரதன் எங்களை வரவேத்த மாதிரி என் மாமனாரே என்னை வரவேத்தது இல்ல. "வாங்கம்மா, வாங்க தம்பி! துப்பறியறவங்களா? சபாஷ். நல்லா தேடுங்க. அந்த மீன்காரப் பையன் மேல கேஸ் போட முடியுமான்னும் பாத்துடுங்க."

"உங்க வாசல்ல திருஷ்டி பொம்மை ஒண்ணும் காணோமே சார்?" என்றாங்க மேடம்.

"அதெல்லாம் நம்மகிட்ட கெடையாதும்மா. ஃபேக்டரில எவனாவது மெஷின்ல எலுமிச்சம்பழம் கட்டினா பிச்சு குப்பைல போடுவேன். முப்பது வருஷமா இந்த ஊட்ல உப்பு மிளகா சுத்தினது இல்ல. இவ சுத்த வந்தா, தட்டையே புடுங்கி வீசினவன் நான்."

"வீசினாரு, தட்டு நசுங்கிப் போச்சு. இன்னும் நசுங்கித்தான் கீது" என்றபடி அவர் சம்சாரம் நாகம்மாள் மோர் கொண்டாந்தாங்க. நல்ல கலகலப்பான அம்மா. "பகுத்தறிவாம். பேரு மட்டும் தசரதன்."

"பேரு எங்கப்பன் வெச்சது. அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

தொட்டியைப் பார்த்தோம். மூணு மீனும் அன்னிக்கி அமைதியா மிதந்துக்கிட்டு இருந்துச்சு. நைட் ஷிஃப்ட் பேருக்கு ஏத்த மாதிரி ஒரு மூலைல தூங்கி வழிஞ்சுது. தொட்டிக்கு மேல நீளமா ஒரு ஃபில்டர் பெட்டி. மோட்டார் தண்ணியை மேல தூக்கி அதுல ஊத்தும், தண்ணி ஸ்பாஞ்ச் வழியா வடிஞ்சு சலசலன்னு திரும்பத் தொட்டிக்குள்ள விழும்.

"சத்தத்தைக் கேளுங்க, ஆறு ஓடற மாதிரி இல்ல?" என்றாரு தசரதன் பெருமையா. "அந்தப் பையன் வந்தா தொட்டில கை விடுவான். மேல இருக்கிற பெட்டியை மட்டும் தொட விடமாட்டேன். அது என் டிபார்ட்மென்ட்."

"என்னிக்கெல்லாம் உரசுச்சுன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"ஞாபகமா? ரெக்கார்டே கீது!" நீல அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொண்டாந்தாரு. மீனுங்களுக்கு ஷிஃப்ட் ரிஜிஸ்டர். ஒவ்வொரு நாளும் தேதி, தீனி, உடல்நிலை, கையெழுத்து. 'செகண்ட் ஷிஃப்ட் மந்தம்', 'நைட் ஷிஃப்ட் எச்சரிக்கப்பட்டது'. ஒரு மீனை என்னன்னு எச்சரிப்பாரோ, எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

மேடம் விரலை ஓட்டினாங்க. "உரசல்னு அஞ்சு நாள் எழுதியிருக்கீங்க. போன மாசம் மூணு, ஒம்போது, பதினாலு, இருபது. இந்த மாசம் ஆறு. இளங்கோ வந்தது எந்தெந்த நாள்?"

"மூணு, இருபது, ஆறு."

"அப்ப ஒம்போதும் பதினாலும்?"

தசரதன் குனிஞ்சு நோட்டை உத்துப் பார்த்தாரு. "அது... முன்னாடி கலக்கினது ஊறி ஊறி வேலை செஞ்சிருக்கும்."

"நாகம்மா, ஒம்போதாம் தேதி இங்க என்ன விசேஷம்?"

"தேதி எல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பலகாரம் சொன்னாத்தான் தெரியும்."

மேடம் அசரல. "சரி, போன மாசம் ரெண்டாவது வாரம் என்ன பலகாரம் பண்ணீங்க?"

"கேசரி, வடை. எழிலோட ஆபீஸ் பொண்ணுங்க வந்திருந்துச்சுங்க. பாப்பாக்குக் கீழ பன்னெண்டு பேரை வெச்சு பெரிய பதவி குடுத்தாங்களே, அதுக்கு."

"அதுக்கு அடுத்த வாரம்?"

"பருப்புப் பாயசம். பூந்தமல்லில இருந்து என் நாத்தனா வந்தா. பொண்ணுக்குக் கல்யாணக் களை வந்துடுச்சுன்னு ஒரே புகழ்ச்சி."

"இளங்கோ வந்த நாள்?"

"மூணு தடவையும் கேசரி, பஜ்ஜி. மத்த நாள்ல இவருக்கு சக்கரை வாணாம்னு நான் ஸ்வீட்டே பண்றதில்ல."

நான் துள்ளி எழுந்தேன். "மேடம்! கேஸ் முடிஞ்சுது. மீனுக்குக் கேசரி ஒத்துக்கல!"

"உக்காரு ஆசிக். கேசரியை மீன் தின்னலை. கேசரி தின்ன வந்தவங்க யாருன்னு யோசி." மேடம் நோட்டை மூடினாங்க. "விருந்தாளி வந்த நாள்லதான் மீன் உரசுது. இளங்கோ அதுல மூணு நாள் விருந்தாளி. அவ்வளவுதான் அவன் பண்ணின தப்பு. வந்தவங்களை எப்படிம்மா வழியனுப்புவீங்க?"

"அதென்னம்மா கேள்வி? கேட் வரைக்கும் போயி வழியனுப்பணும் இல்ல?"

"கேட் வரைக்கும்னா அரை மணி நேரம்" என்றாரு தசரதன். "அங்க நின்னு பேசுவா, காய்கறி வண்டிக்காரனோட பேரம் பேசுவா. போன வாரம் ஒண்ணே கால் மணி நேரம்."

மேடம் என்னை ஃபில்டர் பெட்டி பக்கம் பார்க்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாங்க. அவர் மோர் டம்ளரை வெக்கத் திரும்பின நேரம் பார்த்து மூடியோட இடுக்குல விரலை விட்டேன். தட்டையா, மஞ்சளா, பொட்டு மாதிரி ஒரு விதை ஒட்டியிருந்துச்சு. மீன் தீனின்னு நெனச்சேன். மேடம் வாயைத் தொட்டுக் காட்டினாங்க. லேபரட்டரி மறுபடி திறந்துச்சு.

கடிச்சேன். ஒரு வினாடி ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வினாடி காது வரைக்கும் ஏறுச்சு.

மிளகாய் விதை!

உப்பு, மிளகாய், விருந்தாளி போன சாயங்காலம். என் மண்டைல பல்பு எரிஞ்சுது. முப்பது வருஷமா புருஷன் சுத்த விடல, பாவம் இந்த அம்மா திருட்டுத்தனமா சுத்திப் போடறாங்க! மேடம் காதுல சொன்னேன். மேடம் 'ம்'னு மட்டும் சொல்லிட்டு கிளம்பறதுக்கு எழுந்தாங்க.

எழுந்தவங்க நேரா எழில் பின்னாடி போயி நின்னாங்க. அந்தப் பொண்ணு ஹெட்போன்ல இங்கிலீஷ்ல யாரையோ வாங்கு வாங்குன்னு வாங்கிக்கிட்டு இருந்துச்சு.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க பொண்ணை மாதிரி ஒரு பொண்ணை நான் பாத்ததே இல்ல. என்ன லட்சணம், என்ன அறிவு! இந்த வயசுல பன்னெண்டு பேரை வெச்சு வேலை வாங்கறா. முடியைப் பாருங்க, எவ்வளவு நீளம்! இந்த அடுக்குமாடில யாருக்கு இப்படிப் பொண்ணு இருக்கு? எல்லார் கண்ணும் இவ மேலதான் சார் இருக்கும்."

எனக்கு மயக்கமே வந்துச்சு. மூணு வருஷத்துல மேடம் என்னை ஒரே ஒரு தடவைதான் பாராட்டியிருக்காங்க, அதுவும் வண்டியை நிழல்ல நிறுத்தினதுக்கு. தசரதன் மூஞ்சி வேற வெளுத்துப் போச்சு. "சரிம்மா, போதும்மா"ன்னு தோள்ல கிடந்த துண்டால நெத்தியைத் துடைச்சுக்கிட்டாரு.

"ஆறு மணிக்குள்ள பதில் சொல்றோம் சார்"னு மேடம் கிளம்பினாங்க. வழக்கம் போல நாகம்மாள் கூடவே இறங்கினாங்க.

கீழ, கேட் பக்கத்துல ஒரு தள்ளுவண்டி. நாகம்மாள் முளைக்கீரைக் கட்டைக் கையில எடுத்துக்கிட்டு எங்ககிட்ட பூந்தமல்லி நாத்தனாரோட முழு வரலாற்றையும் சொன்னாங்க. நான் மேடம் பக்கமா சாஞ்சு, "இப்பப் பாருங்க, பேசி முடிச்சதும் மேல போவாங்க, உப்பை எடுப்பாங்க, சுத்துவாங்க" என்றேன்.

பத்து நிமிஷம் ஆச்சு. நாத்தனாருக்கு ரெண்டாவது குழந்தை பொறந்துச்சு. பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. குழந்தை ஸ்கூல் சேர்ந்துச்சு.

"ஆசிக்" என்றாங்க மேடம், "என் ஹெல்மெட்டை மேலயே வெச்சிட்டேன். வா."

"இந்த அம்மாவை இங்கயே விட்டுட்டா? குற்றவாளி மேடம்!"

"அவங்க கீழ இருக்கறப்பத்தான் மேல போகணும்."

லிஃப்ட்ல போறப்பதான் எனக்கு உறைச்சுது. அஞ்சு தடவையும் விருந்தாளியோட கீழ வந்து நின்ன அம்மா, மேல எப்படி உப்பு சுத்தியிருப்பாங்க?

கதவு சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. மேடம் தள்ளினாங்க.

எழில் அப்படியே முதுகைக் காட்டி உக்காந்து மீட்டிங்ல இருந்துச்சு. தொட்டில மூணு மீனும் பேய் புடிச்ச மாதிரி ஓடுதுங்க. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கல்லு மேல தேய்க்குது, செகண்ட் ஷிஃப்ட் பைப்பு மேல தேய்க்குது. தூங்குமூஞ்சி நைட் ஷிஃப்ட் கண்ணாடில விலாவை இடிச்சு இடிச்சு உரசுது.

தொட்டிக்கு முன்னாடி, ஃபில்டர் பெட்டி மூடியை ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையை உதறிக்கிட்டு நின்னவரு திருவாளர் பகுத்தறிவு தசரதன்!

பெட்டிக்குள்ள எட்டிப் பார்த்தேன். ஸ்பாஞ்ச் மேல ஒரு கைப்பிடி கல்லுப்பு, பாதி கரைஞ்சிருந்துச்சு. நடுவுல மூணு காஞ்ச மிளகாய், காம்பு கிள்ளினது. மேல தண்ணி சலசலன்னு ஊத்திக்கிட்டே இருந்துச்சு.

"ஹெல்மெட் எடுக்க வந்தோம் சார்" என்றாங்க மேடம் சாதாரணமா.

தசரதன் மூடியைக் கீழ வெச்சாரு. அப்புறம் அப்படியே சோபால உக்காந்துட்டாரு. அந்தப் பெரிய மனுஷனை அப்படிப் பார்க்க எனக்கு சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு.

"நாகம்மா கிட்ட சொல்லிடாதீங்க" என்றாரு. அதுதான் மொதல் வார்த்தை.

"யாருக்கு சார் சுத்தினீங்க?"

எழிலோட முதுகைக் கையால காட்டினாரு. "அவ காதுல அந்த மெஷின் இருந்தா உலகமே தெரியாது. பின்னாடி நின்னு மூணு சுத்து சுத்திடுவேன். யாராச்சும் வந்து அவளை நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு சொன்னா எனக்கு வயித்துல புளியைக் கரைக்குதும்மா. இத்தினி வருஷம் வரல. கல்யாணம்னு பேச்சு எடுத்ததுல இருந்து வருது. கைல இருந்து போவப் போற பொண்ணு. நான் என்ன பண்ணுவேன்?"

"நெருப்புல போட்டிருக்கலாமே சார்?" என்றேன். "அதுதானே வழக்கம்?"

"நெடி வருமே தம்பி! மாடியே இருமும். நாகம்மா கண்டுபுடிச்சிடுவா. முப்பது வருஷம் பேசின பேச்சு எல்லாம் காத்துல போயிடும்." குரல் இறங்கிடுச்சு. "ஓடற தண்ணில போட்டா கண்ணு கரைஞ்சிடும்னு எங்கம்மா சொல்லும். சாக்கடைல போட மனசு வரல, என் பொண்ணுக்கு சுத்தினதும்மா. அஞ்சாவது மாடில ஓடற தண்ணிக்கு நான் எங்க போவேன்? இந்த ஊட்ல ஓடற தண்ணி அது ஒண்ணுதான். உப்பு மீனுக்கு நல்லதுன்னு அந்தப் பையனே சொன்னான். காலைல மிளகாயை எடுத்து வெளிய போட்டுடுவேன்."

"ஒரு ஸ்பூன்தான் நல்லது சார். நீங்க ஒரு கைப்பிடியை மொத்தமா கொட்டறீங்க. கூடவே மிளகாய்ச் சாறு, ராத்திரி பூரா வடிஞ்சு இறங்குது. உடம்பெல்லாம் எரிஞ்சா அதுங்க எங்க போய் சொறிஞ்சுக்கும்?"

அவர் தொட்டியைப் பார்த்தாரு. நைட் ஷிஃப்ட் மறுபடி ஒரு தடவை கண்ணாடில முட்டுச்சு. "அடப்பாவி, நானா?" என்றாரு. "நானே என் புள்ளைங்களுக்கு மிளகா அரைச்சுப் பூசிட்டு, அந்தப் பையனைப் போயி..."

"மேடம்" என்றேன் மெதுவா, "அவ்வளவு புகழ்ந்தீங்களே, அது தூண்டிலா?"

"பின்ன? உன்னைப் புகழ்ந்தா என்ன மாட்டும்?"

அப்பதான் பின்னாடி நாற்காலி திரும்பற சத்தம். எழில் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கியிருந்துச்சு. எப்ப இருந்து கேட்டுச்சோ தெரியல. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா உதடு சிரிப்பை அடக்கிக்கிட்டு இருந்துச்சு.

"அப்பா, அப்பப்ப முதுகுல காத்து அடிக்குதேன்னு நான் ஃபேனைப் பாத்துக்கினு இருந்தேன். அது நீதானா?"

எழில் வந்து அவர் பக்கத்துல உக்காந்து, தோள்ல சாஞ்சுக்கிச்சு. "நான் எங்கப்பா போறேன்? காட்டுப்பாக்கம். பஸ்ல ஏறினா முக்கால் மணி நேரம். கூப்புட்டா வந்துடுவேன்."

"டிராஃபிக் இருந்தா ஒண்ணரை மணி நேரம்" என்றாரு அவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே. சூப்பர்வைசர் புத்தி எங்க போகும்?

வாசல்ல செருப்பு சத்தம். கீரைக்கட்டோட நாகம்மாள். தொட்டியைப் பார்த்தாங்க, திறந்திருந்த ஃபில்டர் பெட்டியைப் பார்த்தாங்க, புருஷனைப் பார்த்தாங்க. நான் சட்டுனு முன்னாடி போயி, "ஒண்ணும் இல்லமா, ஃபில்டர்ல அழுக்கு" என்றேன்.

"அழுக்கா?" அம்மா கீரையை மேஜைல வெச்சாங்க. "யோவ், டப்பால மிளகா குறையுதுன்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் சொல்லி வெச்ச மாதிரி மூணு. எலி மூணு மிளகாயைக் காம்பு கிள்ளி எடுத்தினு போவுமா?"

தசரதன் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டாரு.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?" என்றாங்க மேடம். அவங்களுக்கே இது புதுசு, குரல்ல தெரிஞ்சுது.

"எங்க கொட்றாருன்னுதாம்மா தெரியல. கண்டா மீனுங்க பாவம்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். மத்தபடி நான் எதுக்கு சொல்லணும்? எழில் பொறந்தப்ப தட்டைப் புடுங்கி வீசின மனுஷன், இன்னிக்கு அவளுக்காக ஒளிஞ்சு ஒளிஞ்சு சுத்தறாரு. அத்தப் போயி கெடுப்பேனா?" உள்ள போயி ஒரு தட்டைக் கொண்டாந்து அவர் மடில வெச்சாங்க. விளிம்பு நசுங்கின பழைய எவர்சில்வர் தட்டு. "நாளைக்கு முப்பது பேர் வராங்க. அத்தினி கண்ணுக்கும் அந்தத் தொட்டி தாங்காது. இதுல வெச்சு ஒழுங்கா சுத்து, நான் அடுப்புல போடறேன். மாடி இருமினா இருமட்டும்."

மேடம் கைக்கடிகாரத்தைத் தட்டினாங்க. "சார், மணி அஞ்சு நாப்பது. மொதல்ல தண்ணி மாத்தணும். ஆசிக்!"

அப்படித்தான் தொட்டித் தண்ணில பாதியை நான் வெளியே எடுத்து ஊத்தினேன், போர் தண்ணியை உள்ள ஊத்தினேன், ஸ்பாஞ்சை அஞ்சு தடவை அலசினேன். லேபரட்டரிக்கு இப்ப தண்ணி லாரி வேலையும் சேர்ந்துடுச்சு. தசரதன் என் பின்னாடியே நின்னு, 'மெதுவா ஊத்து நைனா, பயந்துடும்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரத்துல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கல்லை விட்டு மேல வந்துச்சு. நைட் ஷிஃப்ட் மூலைக்குப் போயி தூங்கிடுச்சு.

சரியா ஆறு மணி. தசரதன் போனை எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டு, தொண்டையைச் செருமினாரு. மறுபக்கம் ஒரே மணில எடுத்துட்டான் இளங்கோ. 'மாமா'ன்னு சொன்ன குரல்லயே உசுரு இல்ல.

தசரதன் மூச்சை இழுத்தாரு. எழில் அவர் கையைப் புடிச்சுக்கிச்சு. ரெண்டு வருஷமா அவர் அவனை 'மீன்காரப் பையன்'னு தவிர வேற பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையாம்.

"மாப்ளே" என்றாரு.

எழில் வாயைப் பொத்திக்கிச்சு.

"காரணம் தெரிஞ்சிடுச்சு மாப்ளே. தப்பு உன் மேல இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லாரையும் கூட்டினு வந்துடு. வர்றப்ப அந்த ஃபில்டர் பெட்டிக்கு ஒரு நல்ல மூடி கொண்டா. பூட்டு வெச்ச மூடி."

"பூட்டா மாமா? எதுக்கு?"

தசரதன் மடில கிடந்த தட்டைப் பார்த்தாரு, நாகம்மாளைப் பார்த்தாரு.

"கேள்வி கேக்காத. பூட்டிட்டு, சாவியை உங்க அத்தை கைல குடுத்துடு. நான் கேட்டாலும் தரக் கூடாதுன்னு சொல்லிட்டுக் குடு."